வாய் திறந்து கேட்காத ஜீவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

அய்யா துணை



மாசி கழிந்து பங்குனி பிறந்துவிட்டால் நம் பக்கத்து வெயிலைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கும்பப்பூ அறுவடை முடிந்ததும் பேச்சிப்பாறைத் தண்ணீரைக் கால்வாயில் அடைத்துவிடுவார்கள். கன்னிப்பூவுக்காக ஜூன் மாதம் மறுபடி திறக்கும்வரை கிளைக்கால்களில் தண்ணீர் இருக்காது. சின்னக் குளங்கள் வற்றி மண் வெடித்துக் கிடக்கும். மனிதனுக்குக் குழாய் உண்டு, மோட்டார் உண்டு, அதுவும் போனால் 20 லிட்டர் கேன் உண்டு. அந்த வாய்க்காலையும் குளத்தையும் நம்பிப் பிழைத்த மைனாவுக்கும் காக்கைக்கும் கீரிக்கும் ஓணானுக்கும் இந்த மூன்று மாதமும் என்ன உண்டு? இந்த மாதம் இதைத்தான் உங்களோடு பேச வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

தர்மம் என்று சொன்னதும் நமக்கு அன்னதர்மம்தான் முதலில் நினைவுக்கு வரும். வார்ப்பில் சோறு வேகும் மணமும், பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மக்களும் கண்ணுக்குள் வந்துவிடும். அது நம் வழியின் உயிர்நாடி, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் தாழ்ந்து கிடப்பவர் யாரோ அவரைத் தாங்குவதுதான் தர்மம் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தாழ்ந்து கிடப்பது மனிதன் மட்டும்தானா? சித்திரை மாதம் பகல் ஒரு மணிக்கு, சுவர் ஓரத்து நிழலில், அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற காக்கையைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக வாயைத் திறக்கவில்லை. பறவைக்கு வியர்வை கிடையாது. உடம்புச் சூட்டைத் தணிக்க வாயைத் திறந்து மூச்சை வேகமாக விட்டாக வேண்டும். அப்படி விடுகிற ஒவ்வொரு மூச்சிலும் உடம்பில் இருக்கிற கொஞ்சத் தண்ணீரும் போகும். தண்ணீரைச் செலவழித்துத்தான் அது உயிரோடு நிற்கிறது. செலவழித்ததை எங்கே போய் வாங்கும்?

நம் வழிபாட்டு இடத்துக்கு நிழல் தாங்கல் என்று பெயர். நிழல் கொடுக்கிற இடம், தாங்கிக்கொள்கிற இடம். அந்த நிழலில் ஒதுங்க வருகிற அணிலிடம் யாரும் ஊர் பெயர் கேட்பதில்லை. நிழல் இருக்கிறது, பக்கத்தில் ஒரு வாய்த் தண்ணீரும் இருந்தால்தானே தாங்கல் முழுதாகும்?

அய்யாவின் சரித்திரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எங்கே தொட்டாலும் தண்ணீர்தான். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ல் அய்யா எழுந்து வந்தது திருச்செந்தூர்க் கடலில் இருந்து. நோய் என்று வந்தவர்களுக்கு அவர் கொடுத்த மருந்து மண்ணும் தண்ணீரும். கடலோரத்தில் மக்கள் குடும்பத்தோடு துவையல் தவசு இருந்ததும் தண்ணீரை வைத்துத்தான். எல்லாவற்றுக்கும் மேலே, சாமிதோப்பில் முத்திரிக் கிணறு. இன்றைக்கு நாம் பஸ்ஸில் போய் இறங்கி, கிணற்றில் பதம் இட்டு, நெற்றியில் நாமம் வைத்து, பதிக்குள் சாதாரணமாக நடந்து போகிறோம். எல்லாச் சாதிக்காரனும் ஒரே கிணற்றுத் தண்ணீரைத் தொட்டுக் குடித்துக் குளிப்பது அந்தக் காலத் திருவிதாங்கூரில் எவ்வளவு பெரிய காரியம் என்று நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் நம் பாட்டன் பூட்டன்மாருக்குத் தண்ணீர் ஒரு அவமானமாகவும் இருந்தது. ஊர்ப் பொதுக் கிணற்றில் வாளி விட முடியாது. நம் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. இடுப்பில் குடம் வைப்பது மேல்சாதிப் பெண்களுக்கு உரியது என்றார்கள். யோசித்துப் பாருங்கள், தாய்மாரே. தண்ணீரும் தன்னுடையது, குடமும் தன்னுடையது, இடுப்பும் தன்னுடையது. ஆனாலும் அங்கே வைக்க உரிமை இல்லை. அந்த வரலாற்றில் இருந்து வந்த நமக்கு, தாகத்தோடு வாசலில் வந்து நிற்கிற ஒரு ஜீவனைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு முன்னால் மனசு இளக வேண்டாமா? ஒருவன் கையில் தண்ணீர் இருக்கும், இன்னொருவன் பார்த்துக்கொண்டு நிற்பான் என்பதன் வேதனை நம் இரத்தத்தில் இருக்கிறது.

உயிர்களுக்கும் அய்யாவுக்கும் உள்ள தொடர்பை நான் இழுத்துக் கட்டுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆடு, கோழி, பன்றி என்று எந்த உயிரையும் தெய்வத்தின் பெயரால் வெட்டாதே என்று அய்யா சொன்ன காலத்தில், வெட்டுவதுதான் பக்தி என்று நாடே நம்பியிருந்தது. கத்தியில் இருந்து காப்பாற்றச் சொன்னவர், தாகத்தால் சாக விடச் சொல்வாரா?

இப்போது எங்கள் தாங்கலில் நடந்த ஒரு பேச்சைச் சொல்ல வேண்டும். சென்ற கோடையில் மதில் ஓரம் இரண்டு மண்சட்டி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றி வந்தோம். ஒரு பாட்டி, வயது 80 இருக்கும், பணிவிடைக்குத் தவறாமல் வருகிறவர்கள், என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: “எப்பா, எங்க தெருக் கொழாயில நாலு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வருது. பேத்தி கொடத்த வச்சிக்கிட்டு நிக்கா. நீ காக்காய்க்கு ஊத்துதியே, இது நியாயமா?”

இது லேசான கேள்வி இல்லை. சிரித்து மழுப்பிவிட்டுப் போகவும் கூடாது. நான் சொன்ன பதில் இது: “பாட்டி, ரெண்டு சட்டிக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டருக்கு மேல ஆகாது. நம்ம வாசல்ல காலு கழுவுற குழாய சரியா அடைக்காம விட்டா ஒரு மணி நேரத்துல அதைவிட அதிகமா ஒழுகிப் போகும். பேத்தி குடத்துல குறையிறது காக்கா குடிச்சதுனால இல்ல.” பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. குழாயைப் போய்ப் பார்த்தார்கள். அது சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த ஞாயிறு வாஷர் மாற்றினோம்.

அந்தப் பாட்டியின் கேள்வியால் இன்னொரு காரியமும் நடந்தது. கால் கழுவுகிற தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை ஒரு முழம் திருப்பி, வேம்பு மூட்டில் ஒரு சின்னப் பள்ளத்துக்கு விட்டோம். தேங்கி நிற்காமல் மண் ஈரமாக மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி வைத்தோம். பத்து நாள் கழித்து வெயில் நேரத்தில் பார்த்தால் அந்த ஈர மண்ணில் வண்ணத்துப்பூச்சிகள் இறக்கையை மடக்கி வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பூவில் தேன் மட்டும்தான் கிடைக்கும், உப்புச் சத்து கிடைக்காது. அதை ஈர மண்ணில் உறிஞ்சத்தான் வருகின்றன. குளவியும் வந்தது. கூடு கட்ட அதற்கும் குழைந்த மண் வேண்டும். புதிதாக ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை.

இனி வீட்டில் வைக்கிறவர்களுக்கு. இதில் பக்தியோடு கொஞ்சம் விவரமும் வேண்டும், இல்லாவிட்டால் புண்ணியம் செய்யப் போய் கெடுதல் வந்து சேரும்.

பாத்திரம் அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். சிட்டுக்குருவிக்கு உங்கள் சுண்டுவிரல் ஆழமே அதிகம். நடுவில் ஒரு தட்டையான கல்லைப் போட்டுவிட்டால் சின்னது கல்மேல் நின்று குடிக்கும், பெரியது ஓரத்தில் நின்று குடிக்கும். மண்சட்டிதான் நல்லது. உள்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் கால் வழுக்காது, தண்ணீரும் குளிர்ந்து இருக்கும். எவர்சில்வர் தட்டை வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாது. பிளாஸ்டிக் டப்பாவும் அப்படித்தான். நிழல் உள்ள இடத்தில் வையுங்கள். ஆனால் செடிப் புதருக்குள் ஒளித்து வைத்துவிடாதீர்கள். பூனைக்கு அது பந்தி விரித்த மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் ஏழெட்டு அடி வெட்டவெளி, பயந்தால் பறந்து உட்கார மேலே ஒரு கிளை. இது போதும். ஒரு சட்டியை இடுப்பு உயரத்தில் வைத்தால் இன்னொன்றைத் தரையில் வையுங்கள். தேரை போன்றவை ஏறி வரமாட்டா. தெரு நாய்க்குத் தனியாக ஒரு தொட்டி, வாசலுக்கு வெளியே.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். காக்கை, மைனா, கொண்டைக்குருவி எல்லாம் அலகில் கொஞ்சம் தண்ணீரை அள்ளி, தலையை மேலே தூக்கி விழுங்கும். ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு முறை வானத்தைப் பார்க்கும். புறா மட்டும் அலகைத் தண்ணீருக்குள் வைத்தபடியே உறிஞ்சிக் குடிக்கும், தலையைத் தூக்காது. எங்கள் தாங்கலுக்கு வருகிற ஒரு சின்னப் பையன் இதைப் பார்த்துவிட்டு, “மாமா, புறாவுக்கு மட்டும் பக்தி இல்லையா?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் தொண்டையை அப்படிப் படைத்தவர் அய்யா, அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

தானியம் தின்கிற பறவைக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். பூச்சியும் பழமும் தின்கிறவற்றுக்குத் தீனியிலேயே கொஞ்சம் ஈரம் கிடைத்துவிடும். அரிசி, கம்பு தூவுகிறவர்கள் பக்கத்தில் தண்ணீரும் வைத்தால்தான் அது முழுப் பந்தி. சோறு போட்டுத் தண்ணீர் வைக்காத பந்தியை நம்மில் யாராவது நடத்துவோமா? ஆனால் தீனியைத் தண்ணீருக்கு நேர் மேலே தொங்கவிட வேண்டாம். எச்சமும் உமியும் விழுந்து நாறும்.

அதற்காகத்தான் சுத்தத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் வைப்பது சுலபம், தினமும் மாற்றுவதுதான் தர்மம். அழுக்குத் தண்ணீரில் ஒரு பறவையின் நோய் பத்துப் பறவைக்குப் போகும். புறாவுக்குத் தொண்டையில் வருகிற ஒரு நோய் இப்படித்தான் பரவுகிறது. அடுத்தது கொசு. டெங்குக் கொசு முட்டையில் இருந்து பறக்கிற கொசுவாக ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது முட்டையை ஒட்டுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில். சட்டி காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதை ஊற்றினால் மட்டும் போதாது. தேங்காய்த் தும்பு எடுத்து உள்பக்கம் ஓரம் எல்லாம் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு வேண்டாம். கழுவிய தண்ணீரைச் செடி மூட்டில் ஊற்றிவிடலாம். சுகாதாரத் துறைக்காரர்கள் வீட்டுக்கு வந்து சட்டியைப் பார்த்துச் சத்தம் போட்டால் கோபப்படாதீர்கள், அவர்கள் சொல்வது சரி. தினமும் தேய்த்துக் கழுவுகிற சட்டியைக் காட்டுங்கள், அவர்களே ஒன்றும் சொல்லமாட்டார்கள். தினமும் செய்ய முடியாதவர்கள் சட்டி வைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் உறைக்கும். ஏப்ரல் மாதம் ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி, செல்போனில் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, மே மாதம் அந்தச் சட்டியில் சருகு கிடக்கும். பறவைக்கு ஞாபகம் உண்டு. இங்கே தண்ணீர் கிடைக்கும் என்று பழகி, வேறு இடம் தேடாமல், உச்சி வெயிலில் நம்பி வரும். வந்தால் காய்ந்த சட்டி. பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு இலை போடாமல் எழுப்பிவிடுவதும் இதுவும் ஒன்றுதான். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

தேனீயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மார்த்தாண்டம் பக்கத்து ஜனங்கள் என்னை விடமாட்டார்கள். தேன் வடிக்கிற காலம் முடிகிறபோதுதான் வெயிலும் உச்சத்துக்கு வருகிறது. தேனீ தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் எடுப்பதில்லை. கூட்டுக்குள் கொண்டுபோய்த் துளித்துளியாகப் பரப்பி, இறக்கையால் விசிறி, கூட்டைக் குளிர வைக்கும். கெட்டியான தேனைக் குஞ்சுகளுக்கு ஏற்றபடி இளக்கவும் தண்ணீர் வேண்டும். ஆனால் திறந்த தண்ணீரில் இறங்கினால் மூழ்கிச் செத்துவிடும். ஒரு சிரட்டையில் கூழாங்கல்லை நிரப்பி, கல்லின் தலை வெளியே தெரியும்படி தண்ணீர் விடுங்கள். கல்மேல் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகும். பள்ளிக்கூடக் குழாயிலும் டீக்கடை டம்ளரிலும் தேனீ மொய்த்து ஆட்களைக் கொட்டுகிறது என்றால், அதற்கு வேறு தண்ணீர் இல்லை என்று அர்த்தம். சிரட்டையை மட்டும் தினமும் கவிழ்த்துக் கழுவ மறக்க வேண்டாம். மூலையில் வீசிக் கிடக்கிற சிரட்டைதான் கொசுவுக்கு முதல் வீடு.

தண்ணீர் வைத்தால் பாம்பு வருமே என்று தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான பயம். பாம்புக்கும் தாகம் உண்டு, வரத்தான் செய்யும். ஆனால் அதை வீட்டு ஓரம் தங்க வைப்பது எலியும், அடுக்கிக் கிடக்கிற விறகும், ஓலைக் குவியலும்தான். தரைச் சட்டியை வாசற்படியில் இருந்து தள்ளி, மதில் பக்கம் வையுங்கள். சுற்றிலும் புல் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். குடித்துவிட்டு அது தன் வழியில் போகும்.

தண்ணீர் இல்லாமல் சாவதைப் போலவே தண்ணீரில் விழுந்து சாவதும் உண்டு. மூடாத சிமென்ட் தொட்டி, பாதி நிறைந்த டிரம், பழைய கிணறு. அணில் ஓரத்தில் எட்டிக் குடிக்கப் பார்த்து உள்ளே விழும். சுவர் வழுவழுப்பு, ஏற முடியாது, நீந்தி நீந்தி ஓய்ந்துவிடும். ஒரு தாங்கலின் தொட்டியில் காலையில் இரண்டு அணில் குஞ்சு மிதந்ததை நான் பார்த்திருக்கிறேன். தொட்டிக்கு மூடி போடுங்கள். மூட முடியாவிட்டால் ஒரு கமுகுக் கம்பையோ சொரசொரப்பான கட்டையையோ உள்ளே இருந்து வெளியே சாய்த்து வையுங்கள். பிடித்து ஏறி வந்துவிடும். கிணற்றில் ஒரு கயிறு தொங்கட்டும், நுனி தண்ணீரில் கிடக்கட்டும்.

கிணறு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. பல ஊர்களில் தாங்கலைப் புதுப்பிக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் புதுப்பிப்பது என்றால் முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பாவுவது, வேம்பை வெட்டுவது, பழைய கிணற்றை மண் போட்டு மூடுவது என்று ஆகிவிட்டது. இலை விழுந்து குப்பையாகிறது, காக்கை எச்சம் போடுகிறது, கல் போட்டால் பளிச்சென்று இருக்கும் என்கிறார்கள். கூட்டத்தில் இதைப் பேசினால், “உமக்கு வளர்ச்சி பிடிக்காதா?” என்று கேட்கிறார்கள். எனக்கு வளர்ச்சி பிடிக்கும். ஆனால் கிணற்றை மையமாக வைத்து வளர்ந்த வழி நம்முடைய வழி. தாங்கல் கிணற்றைத் தூர் வாரி, கம்பி வலை போட்டு வைத்துக்கொள்ள ஆகிற செலவு, மூடுகிற செலவைவிட மிக அதிகம் ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க இடம் விட்டால்தான் போரிலும் நாளைக்குத் தண்ணீர் இருக்கும். முற்றத்தில் பாதிக்குக் கல் போடுங்கள், பந்தி உட்காரட்டும். மீதியை மண்ணாக விடுங்கள். சிட்டுக்குருவி தண்ணீரில் குளிக்கிற மாதிரி புழுதியிலும் குளிக்கும். சிமென்டில் எங்கே போய்ப் புரளும்?

சுசீந்திரம், தேரூர் குளங்களை 2022-ல் உலகம் மதிக்கிற ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். எங்கெங்கிருந்தோ கடல் தாண்டி அந்தக் குளங்களுக்குப் பறவை வருகிறது. சாமிதோப்புக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலில் இருந்தே பார்க்கலாம். அவ்வளவு தூரத்தில் இருந்து வருகிற பறவைக்கு அரசாங்கம் குளத்தைக் காக்கிறது. நம் வேப்ப மரத்திலேயே பிறந்து, நம் வேப்ப மரத்திலேயே சாகிற மைனாவுக்கு நாம்தான் ஆள்.

வைகாசித் திருநாளுக்கு முன்னால் எங்கள் தாங்கல் மதில் ஓரம் இன்னும் ஆறு சட்டி வைப்பதாக முடிவாகியிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்ததும் வேலை. முடிந்தவர்கள் வீட்டில் சும்மா கிடக்கிற மண்சட்டி ஒன்று, விளிம்பு உடைந்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். தட்டையான கல் ஆற்றங்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் கழுவி ஊற்றுகிற முறையை ஏழு வீட்டுக்கு ஒரு நாள் வீதம் பிரித்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பாட்டி வெள்ளிக்கிழமையை முன்னமே பிடித்துக்கொண்டார்கள்.

அய்யா உண்டு.